புது மைக் வாங்குமுன் அறையைக் கேளுங்கள்

தமிழில் பாட்காஸ்ட் தொடங்கி மூன்று பகுதிகளை வெளியிட்டிருக்கும் ஒருவருடைய கேள்வியின் சாரம் இது. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், பத்துக்குப் பதினொன்று அடி அறையில், யூஎஸ்பி கண்டென்சர் மைக் (கூருணர்வு மிக்க வகை) ஒன்றை மடிக்கணினியில் செருகிப் பதிவு செய்கிறார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. மின்விசிறியின் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போட்டால் குரல் தகரம்போல் ஆகிவிடுகிறது. இதைவிட விலை கூடிய மைக் வாங்கினால் சரியாகுமா, அல்லது வேறு மென்பொருள் ஏதேனும் உண்டா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். பேச்சைப் பதிவு செய்வதை நான் இருபது ஆண்டுகளாகத் தொழிலாகச் செய்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களின் பதிவுகளைத் திருத்தித் தருவது கடந்த சில ஆண்டுகளாக அதில் பெரும்பகுதி. என்னிடம் வரும் பழுதான பதிவுகளில் மைக்கின் தரத்தால் கெட்டவை மிகக் குறைவு. அறையாலும், வாய்க்கும் மைக்குக்கும் இடையிலுள்ள தூரத்தாலும் கெட்டவையே மிகுதி. நல்ல மைக்கைக் கொண்டுபோய் மோசமான அறையில் வைத்தால், அந்த மோசமான அறையை அது முன்னைவிடத் துல்லியமாகப் பதிவு செய்து தரும், அவ்வளவுதான்.

கிணற்றிலிருந்து தொடங்குவோம். நீங்கள் பேசும்போது மைக்குக்கு உங்கள் குரல் ஒருமுறை மட்டும் போய்ச் சேர்வதில்லை. வாயிலிருந்து நேராகப் போவது ஒன்று. சுவர், தரை, கூரை, மேசை, கணினித் திரை ஆகியவற்றில் பட்டுத் திரும்பி வருபவை நூற்றுக்கணக்கானவை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், ஒன்றரை மீட்டர் தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் குரல் கிட்டத்தட்ட 9 மில்லிவினாடி தாமதித்து வருகிறது. இவ்வளவு சிறிய தாமதத்தைக் காது தனி எதிரொலியாகப் பிரித்து அறிவதில்லை. குரலின் நிறமே மாறிவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. அதே அறையில் நேருக்கு நேர் பேசும்போது இது நம்மை உறுத்தாததற்குக் காரணம், இரண்டு காதுகளும் மூளையும் சேர்ந்து திரும்பி வரும் ஒலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதுதான். மைக்குக்கு அந்த வசதி இல்லை.

இரைச்சல் நீக்கும் மென்பொருள் இங்கே தோற்பதற்கும் இதுவே காரணம். மின்விசிறியின் ஒலி ஏறக்குறைய மாறாமல் இருப்பதால் அதை அடையாளம் கண்டு கழிக்க முடியும். எதிரொலியோ உங்கள் குரலேதான், சற்றுப் பிந்தி வந்த குரல். எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று பழைய முறை மென்பொருளுக்குத் தெரியாது. அதை மேலும் மேலும் முடுக்கும்போது குரலையே கரும்பி எடுக்கிறது. நீங்கள் சொல்லும் தகரச் சத்தம் அப்படி வந்தது.

அறை எப்படி இருக்கிறது என்று அறிய அதன் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டிய ஒலி அப்போதே செத்துவிட்டால் அறை நல்லது. தட்டியபின் ‘ட்ரீங்’ என்று ஒரு கம்பி அதிர்வதுபோல் வால் நீண்டால், எதிரெதிரான இரண்டு வெறும் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வழவழப்பான டைல்ஸ் தரை, பூசிச் சாயமடித்த சிமெண்ட் சுவர், கான்கிரீட் கூரை, ஒரு மூலையில் இரும்பு பீரோ என்று அமைந்த நம் அறைகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் ஒலிக்கும். இரும்பு பீரோவில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. சில சுருதிகளுக்கு அதுவே அதிரத் தொடங்கிவிடும். அதன் கதவின் மேல் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் அடங்கும்.

இந்த நோய்க்கான மருந்தைக் கண்டுபிடித்தவர் வாலஸ் கிளமெண்ட் சபைன் என்னும் இளம் இயற்பியலாளர். 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை என்று புகார் எழ, அதைச் சரிசெய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒலி நின்றபின் அந்த மண்டபத்தில் முழக்கம் அடங்கச் சுமார் 5.5 வினாடி ஆனது. பக்கத்திலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் தூக்கி வந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்தார் சபைன். அறையின் கன அளவு கூடினால் முழக்கம் கூடும், ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடினால் முழக்கம் குறையும் என்னும் அவருடைய சூத்திரம் இன்றும் கட்டடக் கலையில் புழங்குகிறது.

அதே கணக்கை உங்கள் அறைக்குப் போட்டால், பத்தடி உயரமும் வெறும் சுவர்களும் உள்ள காலி அறையில் முழக்கம் ஒன்றரை வினாடி அளவுக்கு இருக்கும். ஆறடிக்கு மூன்றடி மெத்தைகள் இரண்டைச் சுவரில் சாய்த்தாலே அது ஏறக்குறைய பாதியாகிவிடும். சபைனுக்குக் கிடைத்தது இருக்கை மெத்தை. நம் வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தை இருக்கிறது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல பொருளைக் கடையில் காசு கொடுத்து வாங்குவது எளிதல்ல.

இதற்குப் பதிலாகப் பலரும் வாங்கி ஒட்டுவது, இணையக் கடைகளில் கிடைக்கும், ஓர் அங்குலத் தடிமனுள்ள, கூம்பு கூம்பான கறுப்புப் பஞ்சுத் தட்டுகள். படத்தில் பார்க்க ஸ்டூடியோபோல இருக்கும். ஆனால் ஒலியை நன்றாக உறிஞ்ச, பொருளின் தடிமன் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால்பங்கு அளவுக்காவது இருக்க வேண்டும் என்பது ஒரு தோராயக் கணக்கு. 1000 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 1000 முறை அதிரும், ஒலியின் அலைநீளம் 34 சென்டிமீட்டர்; கால்பங்கு என்றால் எட்டரை சென்டிமீட்டர். ஓர் அங்குலத் தட்டு 3000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத்தான் ஒழுங்காகத் தின்னும். குரலின் உடல் இருக்கும் கீழ்ப்பகுதியை அப்படியே விட்டுவிடும். விளைவு, மேலே மந்தமும் கீழே முழக்கமுமாக, முன்பைவிட மோசமான ஒரு ‘டப்பா’ ஒலி. முட்டை அட்டைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை முட்டைக்கு மட்டும் நல்லவை.

மெத்தையை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். உங்கள் மைக் பெரும்பாலும் கார்டியாய்டு வகையாக இருக்கும். அதாவது முன்பக்கத்தை நன்றாகக் கேட்கும், பின்பக்கத்துக்கு ஏறக்குறையச் செவிடு. மைக்கின் முன்பக்கம் உங்களை நோக்கியிருக்கிறது. எனவே உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும் அதே மைக் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் மெத்தை உங்கள் முதுகுக்குப் பின்னால் போக வேண்டும். இரண்டாவதை, நீங்கள் முகம் வைத்துப் பேசும் திசையில், மைக்குக்குப் பின்னால் நிறுத்துங்கள். வாயிலிருந்து புறப்படும் ஒலி முதலில் மோதுவது அங்கேதான். தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள், மேசைமேல் தடித்த துண்டு ஒன்றைப் போடுங்கள். மர அலமாரி உள்ளவர்கள் அதன் கதவுகளைத் திறந்து, தொங்கும் புடவைகளையும் சட்டைகளையும் முதுகுக்குப் பின்னால் இருக்கவிட்டு உட்காரலாம். மெத்தையைத் தூக்கும் வேலை மிச்சம். அறையின் சரிநடுவையும் மூலைகளையும் தவிர்த்துவிடுங்கள்.

அடுத்தது தூரம். காசு செலவில்லாமல், ஒரே நிமிடத்தில், எல்லாவற்றையும்விட அதிகப் பலன் தருவது இதுதான். மடிக்கணினிக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து பேசினால் வாய்க்கும் மைக்குக்கும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாது. அதை 15 சென்டிமீட்டராக, நம் கணக்கில் முக்கால் சாணாக, குறையுங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபல் (ஒலியளவின் அலகு) கூடுகிறது. கால்பங்கானால் 12 டெசிபல். அறையின் முழக்கமும் விசிறியின் இரைச்சலும் மைக் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் இருக்கும். ஆக, குரல் கூடியதற்கு ஈடாக மைக்கின் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, 12 டெசிபல் இறக்கிவிட்டால், எதிரொலியும் இரைச்சலும் சேர்ந்து 12 டெசிபல் இறங்கிவிடுகின்றன. எந்த மென்பொருளும் இவ்வளவு சுத்தமாக இதைச் செய்து தராது.

நெருங்கிப் பேசும்போது குரலின் அடிப்பகுதி இயல்பைவிடத் தடிக்கும்; கார்டியாய்டு மைக்குகளின் இயற்கை அது. வானொலி அறிவிப்பாளர்களின் குரலில் நாம் கேட்டுப் பழகிய கனத்தில் ஒரு பங்கு இதனால் வந்ததே. ஆனால் 15 சென்டிமீட்டரில் ஒரு வாக்கியம், 30 சென்டிமீட்டரில் அடுத்த வாக்கியம் என்று ஆடிக்கொண்டே பேசினால் குரலின் நிறமும் கூடவே ஆடும். குறிப்புத் தாளைப் பார்க்கக் குனிகிற பழக்கம் உள்ளவர்கள் தாளைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். மேசையில் நிற்கும் கண்டென்சர் மைக்குகள் பலவற்றில் ஒலியை வாங்கும் முகம் உச்சியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. பாடகர்கள் கையில் பிடிக்கும் மைக்கைப் பார்த்துப் பழகியவர்கள் இதன் தலையைத் தங்கள் பக்கம் சாய்த்து உச்சியில் பேசுவார்கள்; குரல் மங்கலாகவும் அறை பளிச்சென்றும் பதிவாகும். நிறுவனத்தின் முத்திரை பொறித்த பக்கமே பெரும்பாலும் முகம். பின்பக்கத்தில், எந்தத் திசையைக் கேட்பது என்பதை மாற்றும் திருகு இருந்தால், அது இதய வடிவக் குறியில் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டக் குறியில் நின்றால் மைக் நான்கு சுவர்களையும் சமமாகக் கேட்கும்.

மேசையைப் பற்றிச் சொல்லும்போது என் பழைய பிழை ஒன்று நினைவுக்கு வருகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், வயது எண்பதைத் தாண்டிய நாகசுர வித்வான் ஒருவரை அவர் வீட்டுத் திண்ணையில் பதிவு செய்தேன். பதிவுக் கருவியை அவர் முன்னாலிருந்த சிறிய மர முக்காலியில் வைத்தேன். ஊரில் நாய்கூடக் குரைக்கவில்லை, அவ்வளவு அமைதி. பெரியவர் தம் குருமார்களைப் பற்றிப் பேசப் பேச, ஒரு கீர்த்தனையின் அடியை முணுமுணுக்க, வலது கை அதுபாட்டுக்கு அந்த முக்காலியில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவே இல்லை. ஊர் திரும்பி ஹெட்போனைப் போட்டால், ஒவ்வொரு தட்டும் மத்தளம்போல் ‘தொம்’ என்று விழுந்து அந்த இடத்துச் சொல்லை மூடியிருந்தது. மரத்தின் வழியாக நேரே கருவிக்குள் ஏறிய அதிர்வு அது. மைக்கின் அடியில் நான்காக மடித்த துண்டோ, பாத்ரூம் செருப்பின் ரப்பர் அடித்தட்டோ வைத்தால்கூட இதில் பெரும்பகுதி குறையும். மேசையின் விளிம்பில் கவ்வி நிற்கும் கைத்தாங்கி இருந்தால் இன்னும் நல்லது. கூடவே, பதிவு நடக்கும்போதே ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். உங்கள் மைக்கிலேயே ஹெட்போன் துளை இருக்கக்கூடும். அதில் செருகினால் தாமதமில்லாமல் கேட்கலாம்.

ஹெட்போன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத் இயர்போனின் மைக்கை இயக்கிய உடனே, பெரும்பாலான கருவிகளில் இணைப்பு தொலைபேசி உரையாடலுக்கான முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி வினாடிக்கு 8000 அல்லது 16,000 முறை மட்டுமே அளக்கப்படுகிறது. 8000 என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் மிஞ்சாது. ‘ச’, ‘ஸ’, ‘ஷ’ மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய இயர்போனாக இருந்தாலும் பதிவுக்கு அதை எடுக்காதீர்கள்.

மூச்சு மைக்கில் மோதி ‘புப்’ என்று வெடிப்பதைத் தடுக்க வலைத்தடுப்பை, அதாவது பாப் ஃபில்டரை, எல்லாரும் பரிந்துரைப்பார்கள். வாங்கலாம், மலிவானதுதான். ஆனால் அதைவிட எளிய வழி, மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் உதட்டோரத்துக்கு எதிரே, முப்பது நாற்பது பாகை விலக்கி வைத்து, அதன் முகம் மட்டும் வாயைப் பார்க்கும்படி திருப்புவது. மூச்சு நேராக முன்னால் போய்விடும். ஒலி எல்லாத் திசையிலும் பரவுவதால் மைக்குக்குக் குறையொன்றும் இராது. இதில் தமிழில் பேசுகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. உள்ளங்கையை வாய்முன் வைத்து ‘பாட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தார் பாணியில் ‘பாட்காஸ்ட்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதில் கையில் மூச்சு அவ்வளவாக படாது, இரண்டாவதில் ஊதும். தமிழ்ப் பகரத்துக்கு மூச்சு குறைவு. நம்மவர் பதிவுகளில் வெடிப்பவை பெரும்பாலும் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களும், அழுத்திச் சொல்லும் ‘அப்பா’, ‘இப்போது’ போன்ற இரட்டைப் பகரங்களுமே.

இனி விசிறி. வேறு வழியில்லை, அணைத்தே ஆக வேண்டும். சித்திரை மாதத்துச் சென்னையில் இது எளிய அறிவுரை அல்ல என்று எனக்குத் தெரியும். அரைமணி நேரம் ஏசியைப் போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு, அதை நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யுங்கள். இடையிடையே விசிறியைப் போட்டு ஆறிக்கொள்ளுங்கள். குளிர்பதனப் பெட்டியின் முனகல் சுவர் தாண்டி வருமானால் அதையும் அணைக்கலாம். படப்பிடிப்புகளில் ஒலிப்பதிவாளர்கள் செய்யும் ஒரு தந்திரத்தை அப்போது நினைவில் வையுங்கள்: அணைத்தவுடன் வண்டிச் சாவியை அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். திரும்பப் போட மறந்து, பால் திரிந்தபின் வருந்த வேண்டியிருக்காது. அதிகாலை அமைதியாக இருக்கும் என்று நம்பி நான்கரைக்கு எழுந்து உட்காருகிறவர்களைக் கோடையில் குயிலும், ஐந்தரைக்குக் காக்கைகளும், மார்கழியில் கோயில் ஒலிபெருக்கியும் ஏமாற்றிவிடும். என் அனுபவத்தில் நகரத்து வீடுகளுக்கு இரவு பதினொன்றுக்கு மேல்தான் நல்ல நேரம்.

விசிறி நின்றபின்னும் ‘ம்ம்ம்’ என்று ஒரு கார்வை மிஞ்சினால் அது மின்சாரத்திலிருந்து வருவது. நம் நாட்டில் மாறுமின்னோட்டம் 50 ஹெர்ட்ஸ். ரீங்காரம் 50, 100, 150 என்று அதன் மடங்குகளில் கேட்கும். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால் அந்தச் சுவர்த் துளையில் எர்த் இணைப்பு உள்ளதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும்.

ஒலியளவுக்கு வருவோம். பதிவை 48,000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு அத்தனை அளவீடு), 24 பிட், மோனோ (ஒற்றைத் தடம்) என்று அமைத்து, உண்மையில் எப்படிப் பேசுவீர்களோ அப்படிப் பேசி, உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி (இந்த அளவுகோலில் பூஜ்யமே மேல் எல்லை) விழுமாறு கெயினை நிறுத்துங்கள். சோதனையில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தும் பாருங்கள். பேட்டிகளில் எல்லையைத் தாண்டி உடைவது பேச்சு அல்ல, சிரிப்பு. பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த ஒலியைப் பின்னால் முழுதாக மீட்க இயலாது. தாழ்வாகப் பதிவானதை 24 பிட்டில் தயங்காமல் உயர்த்திக்கொள்ளலாம். கணினியின் ஒலி அமைப்புகளில் தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுங்கள். நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் அது அறை இரைச்சலைத் தூக்கி நிறுத்தும். பேசத் தொடங்குமுன் அரைநிமிடம் அசையாமல் இருந்து வெறும் அறையைப் பதிவு செய்வதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். அது பின்னால் இரண்டு வேலைக்கு உதவும்.

விருந்தினர் வேறு ஊரில் இருந்தால், காணொளி அழைப்பின் பதிவை அப்படியே பயன்படுத்தாதீர்கள். அழைப்பு கணினியில் நடக்கட்டும், அவர் தம் கைபேசியின் குரல் பதிவுச் செயலியை இயக்கி, கைபேசியை விமான நிலையில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், ஒரு புத்தக அடுக்கின்மேல் துண்டு விரித்து வைத்துவிடட்டும். தொடக்கத்தில் இருவரும் ஒருமுறை கைதட்டினால் பின்னால் இரண்டு பதிவுகளையும் பொருத்துவது எளிது. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் துல்லியமாக ஒன்றாக ஓடுவதில்லை. பத்துலட்சத்துக்கு ஐம்பது பங்கு வேறுபாடு இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 0.18 வினாடி விலகிவிடும், எனவே இறுதியிலும் ஒரு கைதட்டல் தேவை. முடிந்ததும் கோப்பை வாட்ஸ்அப் குரல்செய்தியாக அனுப்பக் கூடாது, அது ஒலியைச் சுருக்கிவிடும். ஆவணமாகவோ, கூகுள் டிரைவ் வழியாகவோ அனுப்பச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் இவ்வளவையும் செய்யச் சொல்ல முடியாதுதான். அப்போது வீட்டிலுள்ள இளையவர் எவரையேனும் பிடியுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காக இருந்தால் மென்பொருளுக்கு மிஞ்சுவது சிறிய வேலையே. 2000-ஆம் ஆண்டு முதல் இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். முதலில், தொடக்கத்தில் பதிவு செய்த வெறும் அறை ஒலியை மாதிரியாகக் காட்டி இரைச்சலைக் குறையுங்கள். ஆனால் 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும். முழுக்க அழிக்க முயன்றால் நீருக்கடியில் சிறு மணிகள் உருளுவதுபோன்ற ஒலி குரலின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் இதுவரை செய்த தவறு இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். பிறகு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி; பெண் குரல்களுக்கு இதை 100 வரை உயர்த்தலாம். அதன்பின், ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரெசர்: 3-க்கு 1 விகிதத்தில், உரத்த இடங்களில் 3 முதல் 6 டெசிபல் மட்டும் அமுங்குமாறு. சகரங்கள் சீறினால் 5000 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைச் சற்றே தணிக்கலாம். மூச்சொலிகளை முழுவதும் வெட்டிவிடாதீர்கள், மூச்சே விடாமல் பேசுகிறவரைக் கேட்பது களைப்பூட்டும். பேச்சுக்கு நடுவே எதையாவது வெட்டிய இடத்தில் வெற்று அமைதியை வைக்காமல், முன்பு பதிவு செய்த அறை ஒலியில் ஒரு துணுக்கை ஒட்டுங்கள், வெட்டு தெரியாது.

இப்போது ஒரே சொடுக்கில் எதிரொலியை நீக்கித் தருவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் சேவைகள் வந்துள்ளன. அடோபியின் பேச்சு மேம்படுத்தி அவற்றில் பலரும் அறிந்தது. எளிய பழுதுகளை அவை நன்றாகவே சரிசெய்கின்றன. கடுமையான எதிரொலியைக் கொடுத்தால், விளங்காத இடங்களைத் தாமாக நிரப்பத் தொடங்குகின்றன. ல, ள, ழ ஆகியவற்றின் வேறுபாடு ஒலியின் மிக நுண்ணிய இடத்தில் இருப்பதால், இவற்றில் ஏற்றி இறக்கிய தமிழ்ப் பதிவை ஒருமுறை முழுதாகக் கேட்காமல் வெளியிடக் கூடாது; ‘வாழை’ என்று நீங்கள் சொன்னது ‘வாளை’ என்று கேட்டால் நேயர்கள் மென்பொருளைக் குறை சொல்ல மாட்டார்கள், உங்களைத்தான் சொல்வார்கள்.

கடைசிப் படி, ஒட்டுமொத்த ஒலியளவு. ஒரு பகுதியைக் கேட்க நேயர் ஒலியைக் கூட்டி, அடுத்ததற்குக் குறைக்கும்படி வைக்கக் கூடாது. இதை அளக்கும் அலகு எல்யுஎஃப்எஸ். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் மைனஸ் 16-ஐ ஒட்டியும், உச்சம் மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமலும் இருக்கச் சொல்கிறது. ஸ்பாட்டிஃபை தன் பக்கம் மைனஸ் 14-ஐ இலக்காக வைத்திருக்கிறது. மைனஸ் 16-ஐப் பிடித்தால் இரண்டிலும் சிக்கலில்லை. மோனோ கோப்பில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு: மோனோவில் மைனஸ் 19 என்று அளவி காட்டுவதும் ஸ்டீரியோவில் மைனஸ் 16 என்று காட்டுவதும் காதுக்கு ஒரே அளவு. ஆடாசிட்டியின் ஒலியளவுச் சமன் பெட்டியில் மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் தெரிவு இருக்கிறது. அதைக் குறியிட்டுவிட்டு மைனஸ் 16 என்றே கொடுக்கலாம். வெளியீட்டுக்கு மோனோ எம்பி3, 96 கிலோபிட், பேச்சுக்குத் தாராளம்.

மைக் பற்றிய உங்கள் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும். மெத்தையும் முக்கால் சாணும் பலன் தந்து, ஆறு மாதம் விடாமல் பதிவு செய்தபின்னும் ஆசை இருந்தால், யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் (ஸ்டூடியோ கருவிகளின் மூன்று ஊசி இணைப்பு) ஒரே உடலில் உள்ள, டைனமிக் என்னும் வகை மைக் ஒன்றை, சாம்சன் க்யூ2யூ, ஆடியோ-டெக்னிக்கா ஏடிஆர்2100எக்ஸ் போன்றதை, வாங்குங்கள்; பின்னால் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி, வாங்கினாலும் அதே மைக் உதவும். டைனமிக் மைக் அறையைக் கேட்காது என்று சொல்வார்கள், பாதி உண்மைதான். அதன் கூருணர்வு குறைவு என்பதால் நாம் நெருங்கிப் பேசுகிறோம், நெருங்குவதால் அறை மறைகிறது. 60 சென்டிமீட்டரில் வைத்தால் அதுவும் கிணற்றைத்தான் காட்டும். காணொளிகளில் எல்லார் முன்னாலும் தொங்கும் ஷூர் எஸ்எம்7பி அருமையான கருவி. ஆனால் அதற்கு ஏறத்தாழ 60 டெசிபல் கெயின் தேவை, மலிவான இன்டர்ஃபேஸ்கள் அந்த உயரத்தில் தாமே இரையத் தொடங்கும். சட்டையில் குத்தும் சிறிய மைக்குகள் நடந்துகொண்டே எடுக்கும் பேட்டிகளுக்கு நல்லவை. அவற்றில் பெரும்பாலானவை எல்லாத் திசையும் கேட்பவை என்பதால் முழங்கும் அறையில் உதவா.

எடிட் செய்யாத மூலப் பதிவுகளை வேவ் கோப்புகளாகவே வைத்திருங்கள். நான் சொன்ன அமைப்பில் மணிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் ஆகும், இன்றைய வன்தட்டு விலையில் அது பொருட்டில்லை. அந்த நாகசுர வித்வானின் பதிவு இன்றும் என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு புதிய கருவி ஒன்றில் அதை ஏற்றிப் பார்த்தேன். தாளம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. பெரியவரின் குரல் தெளிவாக எழுந்து வந்தது. தம் குருமார்களில் இருவர் பெயரை அவர் சொன்ன இடத்தில் மட்டும் தட்டு நேராக விழுந்திருந்தது. அந்த இடத்தை நான்கு வகையாகச் சுத்தம் செய்து பார்த்துவிட்டேன், பெயர்கள் கிடைக்கவில்லை.